சாதாரணமாக

நாகப்பட்டினம் கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையின் பின்பாதியில் என் கம்ப்யூட்டர்.
பக்கத்துக்கு முப்பது ரூபாய்.
வக்கீல் குமாஸ்தா பென்சிலால் கோடிட்டுத் தந்தது
ஒரே ஒரு வரி:
"மேற்படி மைனர் சாதாரனமாக வசித்துவரும் இடம்."
எந்த மாநிலத்துக் கோர்ட் விசாரிக்கும் என்பது
அதற்குள் இருக்கிறதாம்.

ரஹ்மத் நிஷா ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்து
நாட்களைச் சொல்லச் சொல்ல அடிக்கிறேன்.
நாகூருக்கு வந்தது நோன்புக்கு முந்தின வாரம்.
பள்ளிக்கூடம் சேர்த்தது ஜூன் பதினொன்று.
"அதுக்கு முன்னாடி?"
"பொறந்ததுலேருந்து பட்டினத்துலதான்.
அஞ்சு வருஷம் எட்டு மாசம்."
சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்
சொல்லியிருக்கக் கூடாதோ என்பதுபோல.

மொத்தம் பத்துக் கிலோமீட்டர் கதை.
மினி பஸ் வெட்டாற்றுப் பாலம் ஏறி இறங்கினால் வாஞ்சூர்.
பெட்ரோல் விலை இறங்கும்,
ஒயின்ஷாப் போர்டுகள் ஏறும்,
டிஎன் ஐம்பத்தொன்று போய்
பிஒய் பூஜ்யம் இரண்டு வரும்.
திரும்புகையில் செக்போஸ்ட்டில்
பையை உதறி பாட்டில் தேடுவார்கள்.
மடியில் தூங்குகிற பிள்ளையை
யாரும் ஏனென்று கேட்டதில்லை.

அஃப்ராவுக்கு முதல் பல் விழுந்தது
வாப்பா வீட்டில், திருமலைராயன்பட்டினத்தில்.
இரண்டாவது இங்கே, பன் கடிக்கும்போது.
"அதையும் போட்டுடவா?" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.

டெங்கு வந்து எட்டு நாள்
காரைக்கால் பெரியாஸ்பத்திரியில் கிடந்தது பிள்ளை.
ராத்திரி உம்மா, பகல் வாப்பா.
கட்டிலுக்கடியில் ஒரே பிளாஸ்க்.
அந்த எட்டை எந்தப் பக்கம் கூட்டுவது?
குமாஸ்தாவைக் கேட்டேன்.
"விட்டுடு" என்றார்.
விட்டுவிட்டு அடித்தேன்.

ஐப்பசி மழையில் பாதி நனைந்து வந்தது
காரைக்காலில் ஹாஜா முகைதீன் போட்டிருந்த மனு.
பிள்ளை அங்கேதான் வசிக்கிறதாம்,
இங்கே விருந்தாடி வந்திருக்கிறதாம்.
என் வரியேதான். என் பிழையேதான்.
"சாதாரனமாக."
மூன்று சுழி வரவேண்டிய இடத்தில் இரண்டு சுழி.
எந்தக் காலத்திலோ யாரோ அடித்த படிவம்
எவர் பென்டிரைவிலோ ஏறி
செக்போஸ்ட்டைக் கடந்திருக்கிறது.
எட்டு நாளை
அந்தப் பக்கத்திலும் விட்டிருந்தார்கள்.

அப்பீல் போனால் ரெண்டுக்கும் சென்னை ஹைகோர்ட்தான்
என்கிறார் குமாஸ்தா, டீயை ஆற்றிக்கொண்டே.
இங்கேயிருந்து போவதா, அங்கேயிருந்து போவதா,
அதுக்குத்தான் இந்த வாய்தா எல்லாம்.

வாய்தா நாளில் அஃப்ரா
என் மேஜைக்குக் கீழே உட்கார்ந்து
கெட்டுப்போன பக்கங்களின் முதுகில்
வாய்ப்பாடு எழுதுகிறாள்.
காகிதத்துக்குப் பஞ்சமில்லை.

ஒவ்வொரு திருத்த மனுவுக்கும்
பழைய கோப்பைத் திறக்கிறேன்.
மைனரின் வயது: ஆறை அழித்து ஏழு.
ஏழை அழித்து எட்டு.
சுழியை நான் இன்னும் திருத்தவில்லை.
பக்கத்துக்கு இப்போது
நாற்பது ரூபாய்.