அனுமதி

அப்டேட் ஆன நாளிலிருந்து
போனில் ஒரு பெயரும் வரவில்லை,
வெறும் எண்கள்.
எல்லோரிடமும் கேட்டேன்,
"ஆராக்கும்?"

டிஷ்ஷில் ரப்பர் பால் உறையக்
காத்திருந்த காலையில் ஒரு எண்,
"நான்தான், கிறிஸ்டல்."
கிணற்று வழக்குக்குப் பிறகு
ஐந்து வருடமாய் நான் எடுக்காத நாத்தனார்.
வைக்கத் தோன்றாமல்
முட்டுவலி எப்படி என்று கேட்டுவிட்டேன்.
மறுநாளும் அழைத்தாள். அதற்கடுத்தும்.
கடைசி நாலு எண் மனப்பாடமாகிவிட்டது.

குலசேகரத்தில் அஜின் கடை.
கேச் அழித்தான், அணைத்துப் போட்டான்,
சிம்மைக் கழற்றித் துடைத்தான்.
"காண்டாக்டுக்கு அனுமதி ஆஃப் ஆயி கெடக்கு அக்கா."
ஒரே தட்டு.
அறுபது ரூபாய்.

அருமனை பஸ்ஸில் போன் அதிர்ந்தது.
திரையில் பளிச்சென்று
நானே என்றோ பதிந்த பெயர்:
எடுக்காதே.

பக்கத்து சீட்டுக்காரி எட்டிப் பார்க்குமுன்
காதோடு அழுத்திக்கொண்டு
"ஆராக்கும்?" என்றேன்.