அஞ்சுக்குப் பிறகு

சனிக்கிழமை, ஆறரை மணி வண்டி.
மடியில் லித்தேஷ், மூன்று மாதம்,
இரண்டு காலிலும் தொடைவரை மாவுக்கட்டு.
ஜன்னலோரம் தன்ஷிகா, நாலரை வயது,
குடியாத்தம் எல்லை தாண்டும்வரை நல்ல பிள்ளை.

வாரம் ஒரு கட்டு.
பிரித்து, பாதத்தைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி கட்டு.
ஆறு கட்டில் நேராகிவிடும் என்றார் டாக்டர்.
ஆறு சனிக்கிழமையும்
இவளை என்ன செய்வது என்று சொல்லவில்லை.

வீட்டில் சமாளித்துவிடுவேன்.
துவரையும் பச்சைப்பயறும் கலந்து கொட்டி
பிரிச்சுக் குடு என்பேன். அரைமணி நேரம் சத்தம் இருக்காது.
ஒருநாள் அவள் பிரித்ததை மறுபடி நான் கலந்ததைப்
பார்த்துவிட்டாள்.
சாயங்காலம்வரை பேசவில்லை.
காலித் தீப்பெட்டிகள் ரயிலாகும், கட்டிலடி காட்பாடி ஜங்ஷன்.
பொம்மையின் காலில் பழைய வேட்டிக் கிழிசல்,
"ஈரம் படக்கூடாது" என்று எனக்கே உத்தரவு.

பஸ்ஸில் எதைக் கலப்பது, எதைப் பிரிப்பது?
போனைத் தர முடியாது.
ராணிப்பேட்டையில் நைட் ஷிப்ட் முடித்து
அவர் கூப்பிடும்வரை சார்ஜ் நிற்கவேண்டும்.
கடை போர்டுகளைக் கொடுத்தேன்.
'கு' எங்க வருதுன்னு பாரு.
கே.வி.குப்பத்தில் ஒன்று பிடித்தாள்.
குளிர்பானக் கடையில் ஒன்று.
லத்தேரியில் தம்பியின் காதில் குனிந்து
"டேய், உன் ஊரு வந்துடுச்சு" என்றாள்.

பாலாற்றுப் பாலத்தில் விளக்குக் கம்பங்கள்.
ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு,
ஏழு.
"ஆறு எங்கடி?"
கீழே எட்டிப் பார்த்தாள்.
மணல், சீமைக்கருவேலம், இரண்டு மாடு.
"அதான் இல்லியே."

முன் சீட்டுக் கூடைக்காரம்மா திரும்பினாள்:
"கொயந்த கரெக்டாத்தான சொல்லிகினு கீது."

அதன்பின் அப்படியே ஒட்டிக்கொண்டது.
படிக்கட்டில் அஞ்சு, ஏழு. இட்லியில் அஞ்சு, ஏழு.
கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்
தம்பியின் கால்விரல்கள் அவள் கணக்கில் பதினொன்று.
திருத்தினேன், அதட்டினேன்,
ராத்திரி தனியாக நானும் எண்ணிப் பார்த்தேன்.
அவள் வழியில் எண்ணினால்
ஒரு சனிக்கிழமை மிச்சம்.

ஆஸ்பத்திரித் தெருவில் லாட்ஜ் போர்டுகள் எல்லாம் வங்காளத்தில்.
"இந்த எழுத்தைக் கொடியில காயப்போட்டிருக்காங்களா?"
ஆமாம் போலத்தான் இருந்தது.

ஐந்தாவது வாரம் டோக்கன் நூற்றிப் பதினெட்டு.
ஓடுவது நாற்பத்தி மூன்று.
விடுகதை தீர்ந்தது, கைரேகை பார்த்தாயிற்று,
சீட்டின் பின்பக்கம் யானை, அதன்மேல் இன்னொரு யானை.
பக்கத்து நாற்காலியில் கையில் கட்டோடு ஒரு பையன்.
புபாய், மால்டாவாம்.
அவன் க்ரீம் பிஸ்கெட்டை நாற்காலியில் அடுக்கினான்:
ஏக், துய், தீன், சார், பாஞ்ச்,
சொய்.

தன்ஷிகா நிறுத்தினாள்.
"சொய்யா?"
"சொய்."
தோசைக்கல்லில் மாவு விழும் சத்தம்.
அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவனுக்கும்.
எங்கள் டோக்கன் வந்தபோது
எழுந்திருக்கச் சண்டை.

திரும்பும்போது பாலத்தில்
அஞ்சு, சொய், ஏழு.
கம்பம் ஒன்றும் தவறவில்லை.
நான் வாயைத் திறக்கவில்லை.

ஆறாவது சனிக்கிழமை.
உள்ளே போகும்முன் எதிர்ப்புற டீக்கடை.
லித்தேஷ் தூங்குகிறான், என் கை மரத்துப்போயிருக்கிறது.
அவளுக்கு ஒரு டம்ளர் பால், கொதிக்கக் கொதிக்க.
"பொறு, பால் ஆறட்டும்."

"பாலாறா?"

டம்ளருக்குள் மூக்கு படும்வரை குனிந்தாள்.
ஊதினாள்.
சின்னதாய் ஓர் அலை
இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போனது.