நாலு விரற்கடை

பேய் நேராகத்தான் நடக்குமாம்,
திரும்பத் தெரியாதாம்.
அதனால் வாசலைத் தாண்டியதும்
மூக்கில் இடிப்பதுபோல் ஒரு மறைசுவர்.
கட்டியவர் சிங் ராஜ்யத்துத் தானியக்கிடங்கு அதிகாரி.
பேய்க்குக் கணக்குப் போட்ட மனிதர்
ஃபிரிட்ஜுக்குப் போடவில்லை.

எண்பத்தெட்டு டிசம்பர், பெய்ஜிங்.
ஹூதொங் என்றால் மங்கோலியரின் கிணறு என்பார்கள்.
கிணறு தூர்ந்து
ஏழு வீட்டுக்கும் ஒரே குழாய், அதுவும் உறைந்து.
ஆறு தப்படி அகலம் வைத்து
நூல் பிடித்துப் போட்ட சந்தாம்;
இன்று எதிரெதிரே இரண்டு சைக்கிள் வந்தால்
ஒன்று பணிந்துபோக வேண்டும்.
லாரியை முனையில் விட்டுவிட்டு
தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள்
கோவ் வெய்மினும் அவன் மைத்துனனும்.

தென்கிழக்கு மூலையில் வாசல்.
வடக்கே, தெற்கு பார்த்த பெரிய வீடு.
கிழக்கிலும் மேற்கிலும் இரண்டு கைகள்.
வெயிலுக்கு முதுகு காட்டும் தெற்கறை எங்களுடையது.
நடுவில் முற்றம்,
வரைபடத்தில்.

முற்றத்தை நாங்கள் தின்றுவிட்டோம்.
எழுபத்தாறில் பூகம்பத்துக்குப் பயந்து
எழுப்பிய கொட்டகைகள்
பயம் தெளிந்ததும் அடுப்படிகளாயின.
மிஞ்சியது குடை விரிக்க முடியாத ஒரு வழி.

கரிவில்லை அடுக்கை நகர்த்தினோம்.
குளிர்காலத்து முட்டைக்கோஸை நகர்த்தினோம்,
தலை தலையாக, நூற்றுப் பதினொன்று.
அப்படியும் நாலு விரற்கடை போதவில்லை.
எல்லார் கண்ணும்
தியாவின் அடுப்படிச் சுவருக்குப் போய்
அவசரமாகத் திரும்பியது.

அந்த நாலு விரற்கடைக்காகத்தான்
தியாவும் மு யாச்சினும் ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை.
ஃபிரிட்ஜ் யாச்சினுடையது.

அவள் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் மறுத்திருப்பார்.
உள்ளே போன தியாவ் உளியோடு வந்தார்.
வெறும் மண்பூச்சு, உதிர்ந்தது.
சாக்கட்டியால் எண் போட்டு எண் போட்டு
முப்பது செங்கல் உருவினார்.

பின்னால் கிழக்குக் கையின் தூண்,
சிவப்புச் சாயம் மங்காமல்.
"அட, இங்கிருந்து உங்கள் வாசல் தெரிகிறதே!"
யார் சொன்னது, யாருக்குச் சொன்னது,
தெரியவில்லை.
மைத்துனன் மட்டும் சிரித்தான்.

பெட்டி உள்ளே போனது.
கதவைத் திறந்தால் விளக்கு எரிகிறதா என்று
ஏழு வீடும் எட்டிப் பார்த்தது.

இருட்டுமுன் தியாவ் சுவரை அடைத்தார், எண் வரிசையில்.
இருபத்தொன்பது இருந்தது.
முப்பதாவதை
ஆட்டம் நிற்க ஃபிரிட்ஜின் காலடியில்
முட்டுக்கொடுத்திருந்தாள் யாச்சின்.

அவர் திருப்பிக் கேட்கவில்லை.
ஓட்டை வழியாகக் குளிர் அடிக்கிறது,
குளிர் அடிக்கிறது என்று
மார்ச் வரை முணுமுணுத்தார்,
அவளிடம்.