மே மாதச் சீட்டு

தொண்டியிலிருந்து கடைசிப் பேருந்து ஏழு இருபதுக்கு.
அதுவரை பாசி ஆய்வகத்தில் உட்கார்ந்திருப்போம்,
புதன்கிழமைதோறும் ஆறு பேர்,
சில வாரம் மூன்று.
ஃபார்மலின் நெடியடிக்கும் மேசையில்
ரஜபுன்னிசா கீழக்கரையிலிருந்து கொண்டுவரும் தொதல்.
கோப்பைத் தொடுமுன் விரலைத் துடைக்க வேண்டும்.

அவள் கோப்பு மூன்றாம் முறை திரும்பியிருந்தது.
முதல் முறை, கையெழுத்து நீல மையில் இல்லை.
அடுத்த முறை நீலம்தான், படிவம் பழையது.
இப்போது ஒரே வரி:
புயல் ஆண்டின் வருகைப் பதிவு இணைக்கப்படவில்லை.

அந்தப் பதிவேட்டை அலமாரியோடு
கடல் பார்த்துக்கொண்டது.
மிஞ்சிய மேலட்டையில் உப்பு வரைந்த ஒரு கோடு.
அதை இணைக்கலாமா என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை.

நான் புள்ளியியல். கூட்டிப் பார்க்கச் சொன்னார்கள்.
கருத்தரங்கு நான்கு, கட்டுரை ஏழு.
ஆவுளியா மேயும் கடற்புல் பற்றியது
பட்டியலில் இல்லாத இதழில் வந்ததால் சுழியம்.
சோளகம் அடித்த மாதத்தில்
ஏழு மாத வயிற்றோடு
இடுப்பளவு நீரில் நின்று
புல்லை எண்ணினாள்.
அதற்கும் சுழியம்.
இரண்டு முறை கூட்டினேன்,
கணக்கு சரியாகத்தான் இருந்தது.

இணைப்பேராசிரியர் இடம் ஒன்றுதான்.
பெர்பெத்துவாவும் அதற்குத்தான் காத்திருக்கிறாள்.
அவள்தான் போனை எடுத்து
அந்த வருடம் படித்தவர்களைத் தேடினாள்.
ஒருத்தன் குவைத்தில் கிரேன் ஓட்டுகிறான்.
ஒருத்தி பாம்பனில் ஐஸ் கம்பெனிக் கணக்கு.
இரவெல்லாம் படங்கள் வந்தன:
பாடக்குறிப்பு, மூலையில் தேதி,
பாடக்குறிப்பு, மூலையில் தேதி.
ஒரு நோட்டின் ஓரத்தில் பென்சிலில்
எவனோ நொந்திருந்தான்:
‘இவ்வளவு மழையிலயும் மேடம் வந்துருச்சு.’

அதுவே இணைப்பு பதினொன்று.
நீல மையில் சான்றொப்பமிட்டேன்.

‘உனக்கு என்னடி வந்துச்சு?’ என்றாள் ரஜபுன்னிசா.
‘எனக்கு முகப்புக் கடிதம் எழுத வராது.
அடுத்து என் கோப்பு. தொதல் அன்னைக்கும் உன் செலவு.’

வழிவிட்டான் இத்தனைக்கும் வாய் திறக்கவில்லை.
ஒன்பது வருடமாகக் கௌரவ விரிவுரையாளர்.
திருப்பி அனுப்பக்கூட அவருக்கு ஒரு கோப்பு கிடையாது.
மே மாதம் சம்பளம் கிடையாது.
கௌரவம் மட்டும் பன்னிரண்டு மாதமும்.

போன மே மாதம்
சோலியக்குடி இறங்குதளத்தில்
நண்டு எடை எழுதிக்கொண்டிருந்தார்.
காதில் பேனா, முழங்கால்வரை மடித்த பேண்ட்.
நான் மீன் வாங்காமலே திரும்பிவிட்டேன்.
கூச்சம்.
அது என்னுடையது,
அவருக்கு அதில் பங்கில்லை.

பணம் திரட்டிக் கொடுத்தோம். வாங்கவில்லை.
‘பிச்சைக்குப் பேர் மாத்தாதீங்க சார்.’
அதனால் சீட்டுப் பிடிக்கிறோம்,
துறை தாண்டிப் பன்னிரண்டு பேர்,
மாதம் ஆயிரத்து ஐந்நூறு.
பதினொரு மாதம் ஏலம், சண்டை, கழிவு எல்லாம் உண்டு.
மே மாதம் கேட்பவர் ஒருவர்தான்,
கழிவில்லாமல் முழுசாக எடுப்பார்.
அந்த மாதத் தவணையையும் அதிலிருந்தே
எண்ணி என் மேசையில் வைத்துவிட்டு
ரசீது கேட்பார்.

கோப்பைப் பதிவுத் தபாலில் அனுப்பியாயிற்று.
ஒரு கிலோ நானூறு கிராம்.
‘புஸ்தகமா டீச்சர்?’ என்றார் தபால்காரர்.
ரஜபுன்னிசா ஆமாம் என்றுவிட்டாள்.
பதில் வரவில்லை. வாடைக்காற்றே வந்துவிட்டது.

பேருந்து ஹாரன் அடிக்கிறது.
யாரோ விசிறியை நிறுத்துகிறார்கள்.
பெர்பெத்துவா இன்றைக்குத்தான்
பத்தாம் வகுப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்திருக்கிறாள்.
அதில் அவள் பெயரில் ஓர் எழுத்து இல்லை.

சரி,
அடுத்த புதன்.