உலர்த்தும் அலமாரி

பிள்ளைகள் மதியத் தூக்கத்தில்.
நான் ஈரத்தை மாட்டிக்கொண்டிருக்கிறேன்.
ஆளுயர அலமாரி, உள்ளே சூட்டுக் காற்று,
கம்பளியும் ரப்பரும் கலந்த வாடை.
பதினேழு கொக்கிகளில்
பதினேழு மழையுடைகள்
தலையில்லாமல் தொங்கும்.

காயானியில் ஏப்ரல் என்பது
பனியுமில்லை, மண்ணுமில்லை,
இரண்டையும் போட்டுப் பிசைந்த ஒன்று.
அதில்தான் காலை முழுதும் பள்ளிக்கூடம்.

நான் சமையல்கட்டுக்கும் துணிக்கும் ஆள்.
முற்றத்துக்குப் போவதில்லை.
யார் என்ன படித்தார்கள் என்று
உடைதான் எனக்குச் சொல்லும்.

ஹில்லாவின் முழங்கையில் பாசி.
வேலியோரப் பாறையில் ஏறியிருக்கிறாள்.
இறங்கத் தெரியவில்லை,
உட்கார்ந்தே சறுக்கியிருக்கிறாள்;
அதற்கும் சாட்சி உண்டு,
பின்பக்கம், கிழிசலாக.

இல்தாவின் கை தோள்வரை சேறு.
கூரைத் தண்ணீருக்கு அணை கட்டினார்களாம்.
பத்து நிமிடம் கட்டி
ஒரே மிதியில் உடைத்தார்களாம்,
திரும்பக் கட்டினார்களாம்.

வேய்க்கோவின் பைகளைக் கட்டாயம் பார்க்க வேண்டும்,
இல்லாவிட்டால் அலமாரி கடகடக்கும்.
கற்கள். எண்ணினேன். பன்னிரண்டு.
அவனுக்குப் பன்னிரண்டு வரைதான் எண்ணத் தெரியும்.
பதின்மூன்றாவது கல்
வெளியே காத்துக்கொண்டிருக்கிறது.

கடைசிக் கொக்கி எய்னோவுடையது.
பிப்ரவரியில் வேறு ஊரிலிருந்து வந்தவன்.
அவன் உடையை நான் காயவைத்ததே இல்லை.
கொண்டுபோன மடிப்போடு திரும்பி வரும்.
வேலிப்பக்கம் நின்றுகொண்டே இருப்பானாம்.
மர்யுட்டிடம் கேட்டால்,
"நிற்கட்டுமே, பார்த்துக்கொண்டுதானே நிற்கிறான்" என்பாள்.

இன்று முழங்கால் இரண்டும் நனைந்திருந்தன.
முழங்கால் மட்டும்.
கடிதத்தில் குத்திய முத்திரைபோல
இரண்டு வட்டம்.
சந்தோஷத்தில்
பையைப் பார்க்க மறந்துபோனேன்.

இரண்டரை மணிக்கு எழுந்து வந்தான்,
ஒரு காலில் மட்டும் காலுறையோடு.
தன் உடையின் வலது பையில் கைவிட்டான்.
பிறகு இடது பை.
பிறகு அலமாரியின் அடித்தட்டு.
பிறகு என்னை.

"யார் எடுத்தது?"

இரண்டு மாதத்தில்
அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு,
திருட்டுக் குற்றச்சாட்டு.

"எதை?"

"கண்ணாடி. உள்ளே இலை இருந்துச்சு."

பையை வெளிப்புறமாக உருவினோம்.
துணியில் ஒட்டியபடி ஒரு பிர்ச் இலை,
போன வருஷத்து இலை,
மொறுமொறுவென்று.
அவன் இலையைத் தொட்டான்.
துணியைத் தொட்டான். சூடு. காய்ந்திருந்தது.
விரலை முகர்ந்தும் பார்த்தான்.

எனக்கு விடை தெரியும்.
நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
கையிலிருந்த கையுறையை
தேவையில்லாமல் ஒருமுறை பிழிந்தேன்.

வெகுநேரம் அலமாரியையே பார்த்திருந்துவிட்டுச் சொன்னான்:
"இதுதான் குடிச்சிருச்சு."

இல்லை என்று எப்படிச் சொல்வேன்?
ஏழு வருஷமாக
நான் அதற்குக் குடிக்கக் கொடுத்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

மறுநாள் மர்யுட் சாப்பாட்டுத் தட்டோடு வந்து சொன்னாள்.
விறகுக் கொட்டகைக்குப் பின்னால்,
வெயிலே படாத பக்கம்,
வரிசையாக ஐஸ் வில்லைகள்.
ஒன்றில் ஊசியிலை, ஒன்றில் சிறகு,
ஒன்றில் யாருடைய பொத்தானோ.
எண்ணுகிற வேலை வேய்க்கோவுக்கு;
பன்னிரண்டு வந்ததும்
எய்னோ இன்னொன்றை வைத்தானாம்.
வேய்க்கோ அதன் முன்னால்
வாயைத் திறந்தபடி நின்றானாம்.
பிறகு இருவருமாக
அதற்கு ஒரு பேர் வைத்தார்களாம்.
தப்பான பேர்தான்.

ஹில்லா ஒன்றை வகுப்புக்குள் கொண்டுவரப் பார்த்திருக்கிறாள்.
எய்னோ வாசலை மறித்துக்கொண்டானாம்:
"உள்ளே வேண்டாம். உள்ளே அலமாரி இருக்கு."

அவனுடைய உடை கழுத்துவரை நனைந்து வந்தது.
பைகள் இரண்டும் காலி.
கடைசிக் கொக்கி
கனத்தில் கொஞ்சம் வளைந்தது.

கதவைச் சாத்தினேன்.
திருகியை எப்போதும் நிறுத்துமிடத்தில் நிறுத்தி,
பிறகு யோசித்து,
இன்னும் அரைமணி நேரம் கூட்டி வைத்தேன்.
பதினேழையும் குடிக்க வேண்டுமே, பாவம்.