குறைப் பதிவேடு

மஞ்சக்குப்பத்தில்
கம்பம் எண் நாற்பத்து மூன்று.
ஏணியைப் பிடித்துக்கொள்ள மண்ணாங்கட்டி,
ஏறுவது நான்.

பழைய சோடியம் விளக்கின் மூடியைத் திருகினால்
முதலில் வாசம்தான் வரும்,
கருகிய நெய்யும் ஈரக் கோணியும் சேர்ந்த மாதிரி.
பிறகு கொட்டும்.
ஈசல் இறகு, பச்சைத் தத்து, சாணிவண்டு,
பெயர் தெரியாத ஒரு கறுப்பு.
கெடிலத்தில் தண்ணீர் வரும் ஐப்பசியில்
ஒரு மூடிக்கு அரைப்படி.
மண்ணாங்கட்டி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு
என் பரம்பரையையே இழுப்பான்.

அளந்து பார்த்ததில்லை. அரைப்படி என்பதும்
இப்போது சொல்வதுதான்.
குப்பையை யார் அளப்பார்கள்?

எதிர்வீட்டு ரெஜினாள் டீச்சர்
மழை விட்ட மறுநாளே போன் போடுவார்:
"தட்டுல வந்து விழுது சார்,
சாப்பிட்டு முடிக்கிற வரைக்குமாவது அணைச்சு வைங்க."
பதிவேட்டில் அதற்கென்றே ஒரு கட்டம்:
பூச்சித் தொல்லை.
தேதி, தெரு, கையெழுத்து.
ஒரு வருஷம் இடம் போதாமல்
அட்டையின் உள்பக்கத்தில் எழுதினேன்.

இப்போது எல்லாம் வெள்ளை விளக்கு.
மூடி திறக்காது.
எரியாவிட்டால் முழுசாகக் கழற்றி
சாக்கில் போட்டு ஸ்டோருக்கு அனுப்ப வேண்டும்.
அதனால்தான் கண்ணில் படவில்லை
என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாசம் சிப்காட் தாண்டி, குடிகாட்டில்
மாற்றாமல் விட்ட சோடியம் ஒன்று.
மூன்று வருஷத்துக்கு முன்னால்
நானே துடைத்து மூடியது.
மண்ணாங்கட்டி பழக்கத்தில் துண்டைப் போட்டுக்கொண்டான்.
திருகினேன்.
ஒரு சிட்டிகை.
"கொட்டுண்ணே" என்றான் குனிந்தபடி.
"கொட்டிட்டேன்டா."
அவன் இன்னும் கொஞ்ச நேரம்
துண்டை எடுக்காமல் நின்றான்.

மாதக் கடைசி அறிக்கையில்
அந்தக் கட்டத்தை இன்னும் யாரும் நீக்கவில்லை.
குறை இல்லை என்று எழுதுகிறேன்.
மேலே இருப்பவர்களுக்குப் பிடித்த வாசகம்.
போன தடவை 'குறை'யை எழுதிவிட்டு
பேனாவை உதறினேன்,
மை இருந்தும்.

நேற்று நாற்பத்து மூன்றில் ஏறினேன், ஒயர் தளர்ந்திருந்தது.
விளக்கோரம் ஒரு பல்லி,
என்னைக் கண்டு நகரவில்லை.
வெள்ளை வெளிச்சத்தில் அதன் வயிறு
கண்ணாடித்தாள் மாதிரி,
உள்ளே பார்க்க முடிந்தது.

எட்டு மணி இருக்கும். கீழே டீச்சர் வீட்டில்
கதவு, ஜன்னல் எல்லாம் அகலத் திறந்துவைத்து
சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.