காலை எட்டரை

மழைமானியைத் திறந்து
குழாயில் ஊற்றி அளவு பார்ப்பது என் வேலை.
அப்பர் பவானி, அணைக்கு மேலே புல்மேடு.
பதிவேட்டில் நான்கு கட்டம்:
தேதி, மில்லிமீட்டர், கையொப்பம், குறிப்பு.
குறிப்பில் எழுத எதுவும் இருந்ததில்லை,
வேலிக் கம்பியில் ஒரு பழுப்புக் குருவி
வாயில் புழுவோடு
நான் எப்போது போவேன் என்று காத்திருந்த நாள் வரை.

"நெட்டைக்காலி" என்றான் போஜராஜ்.
சீகை மரம் வெட்டும் கூட்டத்தோடு வந்தவன்.
"இந்தப் புல்லை விட்டா அதுக்கு வேற ஊர் இல்ல."
"எனக்கும்தான் மாற்றல் கிடைக்கல" என்றேன்.

அந்தப் பங்குனி பதமாக இருந்தது.
இரண்டே தூறல். 6.2, 4.0.
புல் பச்சை பிடித்தது, புல்லெல்லாம் தத்துக்கிளி.
நடந்து எண்ணினேன்.
பதினொரு கூடு.

அடுத்த ஆண்டு
உறைபனி மாசியோடு போகவில்லை.
பங்குனி பத்தாம் தேதியும்
மழைமானிக்குள் மெல்லிய பனித்தகடு.
புல் கருகி நின்றது. கம்பியில் ஆளில்லை.
சித்திரை கடைசியில்தான் முட்டையிட்டன,
அவசரமாக, இரண்டிரண்டாய்.
ஏழு கூடு.

பிறகு அந்த மதியம்.
தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுந்த சத்தத்தில்
குக்கர் விசில் கேட்கவில்லை.
மறுநாள் எட்டரைக்கு அளந்தேன்: 63.4.
புல்தூரின் அடியில் அவள் பின்னிய கிண்ணத்திலும்
தண்ணீர் நின்றது.
அதை ஊற்றிப் பார்க்க
என்னிடம் குழாய் இல்லை.

'கூடு 7. மீதி 1' என்று எழுதினேன்.
மாதக் கடைசியில் உதவிப் பொறியாளர் திலகவதி
சிவப்பு மையால் அடித்தார்.
"நீர்வரத்துக்கு இது எதுக்குங்க?"
எதற்குமில்லை.
அந்த மழையில் அணை ஒன்றரை அடி ஏறியிருந்தது.
எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்.

வைகாசியில் ஒன்று மறுபடி கட்டியது,
சற்று மேலே,
போஜராஜ் சீகை பிடுங்கிய வெற்றிடத்தில்
புதிதாய் முளைத்த புல்லுக்குள்.
அடைகாக்கப் பதின்மூன்று நாளாவது வேண்டும்.
தென்மேற்கு மழைக்கு எட்டு நாள் என்றது வானொலி.
தினம் எண் எழுதுகிறவன் நான்,
கழித்துப் பார்க்கத் தெரியும்.
பார்க்கவில்லை.

இந்தப் பங்குனியில் நான்கு.
இன்று மழை 0.0.
கம்பியில் ஒரு கணம் ஏதோ உட்கார்ந்து போனது.
குறிப்புக் கட்டத்தில்
பென்சிலால் ஒரு புள்ளி வைக்கிறேன்.
சிவப்பு மை அதை
அழுக்கென்று நினைத்துக்கொள்ளட்டும்.